வட்டுக்குப் பெயர் வைத்தது யார்?

ஆயுத பூஜை அன்று கருவியைத் தொடக் கூடாது என்பார்கள். எங்கள் தொழிலில் அன்றைக்குத்தான் தொடுவோம். அச்சு இயந்திரத்துக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சர்வரை நிறுத்தினால் ஏனென்று கேட்க ஆளில்லாத நாள் வருடத்தில் நாலைந்துதான் கிடைக்கும். அதில் இது ஒன்று.

2015இல் அப்படியொரு ஆயுத பூஜை இரவு. சென்னையில் ஒரு அச்சகத்தின் பின்கட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சர்வரின் முகப்பிலும் யாரோ மூன்று விரலால் விபூதி இழுத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். மறு தொடக்கம் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடி, ஓரிடத்தில் நின்றுவிட்டன. இயங்குதளம் குடியிருக்கும் ரூட் கிடைக்கவில்லை, பிழை எண் 19. அதன் கீழே ‘மவுன்ட்ரூட்’ என்று ஒரு சொல், பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த கர்சர். அவ்வளவுதான்.

அந்த வருடத்துத் தீபாவளி மலர் ஒன்றின் பக்கங்கள் முழுக்க அந்த வட்டுகளில்தான் இருந்தன. கதைகள், ஓவியங்கள், பட்டாசு விளம்பரங்கள், நகைக்கடை விளம்பரங்கள். மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு டி.டி.பி. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் செய்திருந்தது ஒரே ஒரு வரி மாற்றம்.

அந்த வரிக்கு வருமுன் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஒரு சிறிய சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பேர். லைசென்ஸ் வாங்கக் கை வராத அச்சகம், மருந்துக் கிடங்கு, கல்லூரி ஆய்வுக்கூடம் போன்ற இடங்களுக்கு ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் போட்டுத் தருவதுதான் எங்கள் பிழைப்பு. இரண்டும் திறமூல இயங்குதளங்கள். மூல நிரலை யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். நாங்கள் முதலில் விரும்பியது அது காசில்லாமல் கிடைத்ததை. படித்துப் பார்க்கலாம் என்பதன் அருமை தெரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

முதல் வாரத்தில் சீனியர் என்னை ஒரு சர்வர் முன்னால் உட்கார வைத்தார். நாலு ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது, இயங்குதளத்துக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

“அதைக் கீழ வைம்மா. முதல்ல உள்ள யார் யார் இருக்காங்கன்னு கேளு.”

ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கு ‘பிசிஐகான்ஃப்’ என்றொரு கட்டளை உண்டு. மதர்போர்டில் செருகியிருக்கும் எல்லா அட்டைகளையும் வரிசையாகச் சொல்லும். டிரைவர் கிடைத்த அட்டைக்கு முன்னால் அந்த டிரைவரின் பெயர் வரும். ஒரு வரியில் மட்டும் ‘நன்0’ என்றிருந்தது.

“நன்னுன்னா கார்டு இருக்கு, அதுகிட்ட வேலை வாங்க ஆளில்லன்னு அர்த்தம். இப்ப அந்த நம்பரை எழுதிக்க.”

“கார்டு மேலயே பேரு போட்டிருக்கே சார்?”

“பேரைப் பாக்காத. நம்பரைப் பாரு.”

பிசிஐ அட்டை ஒவ்வொன்றும் இரண்டு எண்களைச் சுமந்திருக்கும். ஒன்று செய்தவர் எண், மற்றது பொருளின் எண். டிரைவர் தேடுவது இந்த இரண்டையும்தான். அட்டைமேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. சீனியர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அதில் மூன்று கட்டங்கள்: எண், டிரைவர், டிரைவர் வைக்கும் பெயர். மூன்றாவது கட்டம் எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆயுத பூஜை இரவு நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

அந்த நோட்டில் அதிகம் வந்த செய்தவர் எண் 1000. அதன் கதையே தனி. முதலில் அது என்சிஆர் கம்பெனியின் சிப் பிரிவுக்குரியது. அந்தப் பிரிவு ஏடி&டி வழியாக 1995இல் ஹூண்டாய் கைக்குப் போய் சிம்பயாஸ் ஆனது. 1998இல் எல்எஸ்ஐ அதை வாங்கியது. 2014இல் எல்எஸ்ஐயை அவாகோ வாங்கியது. 2016இல் அவாகோ பிராட்காமை வாங்கி, அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. பெட்டியின்மேல் பெயர் மாறியது, ரசீதில் மாறியது, டிரைவரை இறக்கிக்கொள்ளும் இடம் மாறியது. 1000 மட்டும் மாறவில்லை. இன்றும் அந்த வரிசைச் சிப்பைச் செருகினால் அதே எண்தான் வரும்.

எல்எஸ்ஐ வரிசை ரெய்டு அட்டைகளின் மெகாரெய்டு என்ற பெயருக்கும் இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அதைக் கொண்டுவந்தது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். சுப்பிரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் ஓர் அலுவலகம் உண்டு. 2001இல் அதன் ரெய்டு பிரிவு எல்எஸ்ஐக்குப் போனது. பழைய மெகாரெய்டு அட்டைக்கான ஃப்ரீபிஎஸ்டி டிரைவரின் பெயர் ‘ஏஎம்ஆர்’. அந்த முதலெழுத்துகளில் பழைய வீட்டின் வாசனை இன்னும் இருக்கிறது.

இனி ரெய்டு அட்டையைப் பற்றி. கட்டட வேலையில் மேஸ்திரி இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் மட்டும் பேசுவார். எத்தனை ஆள் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் பாதியில் போனார்கள் என்பதெல்லாம் மேஸ்திரிக்கு மட்டும் தெரியும். ரெய்டு அட்டை நாலு வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வட்டு என்று இயங்குதளத்திடம் காட்டும். டிரைவர் என்பது மேஸ்திரியின் பேச்சு தெரிந்தவர். எந்த டிரைவர் பேசுகிறாரோ அவர்தான் அந்த வட்டுக்குப் பெயரும் வைப்பார்.

அச்சகத்து சர்வரில் இருந்தது எல்எஸ்ஐ வரிசையின் மெகாரெய்டு அட்டை. அதற்கு ஃப்ரீபிஎஸ்டியில் இரண்டு டிரைவர்கள் இருந்தன. ‘எம்எஃப்ஐ’ பழையது. பல வருடம் உழைத்து, எல்லோருக்கும் பழகியது. ‘எம்ஆர்சாஸ்’ 2014இல் வந்தது. சிப் செய்தவர்களே எழுதிக் கொடுத்தது. எம்எஃப்ஐ தன் வட்டுகளைத் தனிப்பாதையில் கொண்டுபோகும். எம்ஆர்சாஸோ கேம் என்ற பொதுப்பாதையில் மற்ற ஸ்கசி வட்டுகளோடு சேர்த்துக் கொண்டுபோகும். எல்லா வட்டுக்கும் ஒரே வகைக் கருவி போதும். செய்தவர்களின் கவனமும் இனி புதிய டிரைவரின் பக்கம்தான் இருக்கும் என்று தோன்றியது. ஓய்வான ஒரு நாளில் மாறிக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்தேன்.

ஒரே அட்டை, இரண்டு டிரைவர்கள். யாருக்குக் கொடுப்பது? இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லா டிரைவரையும் கூப்பிட்டு, ‘இது உன்னுடையதா?’ என்று கேட்கும். தெரியாத டிரைவர் இல்லை என்று சொல்லி ஒதுங்கிவிடும். தெரிந்தது ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் பூஜ்ஜியமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கும். பூஜ்ஜியத்துக்கு யார் கிட்டத்தில் நிற்கிறாரோ அவருக்கு அட்டை. வழக்கமான பதில் -20. எம்எஃப்ஐ சொல்வதும் அதுவே. எம்ஆர்சாஸ் சொல்வது -30. எனவே எப்போதும் எம்எஃப்ஐதான் ஜெயிக்கும்.

புதியவர் ஜெயிக்க வேண்டுமென்றால் ‘டிவைஸ் ஹின்ட்ஸ்’ கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எம்ஆர்சாஸுக்கு இடம் கொடு என்று எம்எஃப்ஐயிடம் சொல்லும் வரி. எழுதியதும் எம்எஃப்ஐ -20க்குப் பதில் -40 என்று சொல்லும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புதியவர் தன் எண்ணை மாற்றிக்கொள்வதில்லை, அதே -30தான். பழையவர்தான் நாற்காலியிலிருந்து எழுந்து பின்வரிசைக்குப் போகிறார். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. இரண்டு டிரைவர்களின் மூல நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பும் இருந்தது. காசில்லாமல் கிடைத்த பொருளின் உண்மையான விலை எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த ஒரு வரியை எழுதினேன். மறு தொடக்கம் கொடுத்தேன். பிழை 19.

முதலில் என்னைக் குழப்பியது இதுதான்: கெர்னலே அந்த வட்டிலிருந்துதானே ஏறியது? ஏறி வந்தபின் வட்டு இல்லை என்று எப்படிச் சொல்கிறது? சீனியருக்கு ஃபோன் போட்டேன். பின்னணியில் சுண்டல் தாளிக்கும் ஓசை கேட்டது. நவராத்திரிக் கொலு வீடு.

“என்னம்மா, டிஸ்க் போயிடுச்சா?”

“போகல சார். பிழை 19ன்னு சொல்லுது.”

“அது டிவைஸ் இல்லன்னு சொல்ற நம்பர். டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லலியே. நீ சொன்ன பேர்ல யாரும் இல்லன்னு சொல்லுது. டிரைவரை மாத்தினியா?”

“மாத்தினேன்.”

“எஃப்எஸ்டேபை மாத்தினியா?”

நான் பேசவில்லை.

பூட் லோடர் வட்டைப் படிப்பது பயாஸின் உதவியால். அந்தக் கட்டத்தில் எங்கள் டிரைவர் எதுவும் தேவையில்லை. கெர்னல் எழுந்து நின்றதும் பயாஸை விட்டுவிட்டுத் தன் டிரைவரைக் கூப்பிடும். எம்எஃப்ஐ இருந்தவரை அந்த வட்டின் பெயர் ‘எம்எஃப்ஐடி0’. எம்ஆர்சாஸ் வந்ததும் அது ‘டிஏ0’ ஆகிவிட்டது. வட்டைப் பிரித்த பகிர்வுகளில் எதை எங்கே ஏற்றுவது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்போ இன்னும் எம்எஃப்ஐடி0 என்ற பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வட்டு அங்கேயேதான் இருந்தது. அதை அந்தப் பெயரில் தெரிந்தவர்தான் இல்லை.

“ரெண்டு வழி இருக்கு. பின்னால போகணும்னா, திரும்ப பூட் பண்ணி லோடர்ல நிறுத்து. அந்த ஹின்ட்டைப் பூஜ்ஜியமாக்கிட்டு விடு, பழைய டிரைவரே வந்துடும். முன்னால போகணும்னா, அங்கயே கேள்விக்குறி அடி.”

கேள்விக்குறி அடித்தேன். கெர்னலுக்குத் தெரிந்த வட்டுகள், பகிர்வுகள் எல்லாம் வரிசையாக வந்தன. டிஏ0, அதன்கீழ் அதன் நாலு பகிர்வுகள். இரண்டாவது பகிர்வைக் கொடுத்து எண்டர் தட்டினேன். ரூட் ஏறியது. ஆனால் எஃப்எஸ்டேபில் இருந்த மற்ற பெயர்களைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், ஒற்றைப் பயனர் நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது. ரூட்டை எழுதக்கூடியதாக மறுபடி ஏற்றி, விஐ எடிட்டரில் எஃப்எஸ்டேபைத் திறந்தேன். ரூட், ஸ்வாப், தரவுப் பகிர்வு என்று எல்லா வரியிலும் பழைய பெயர். திருத்திக்கொண்டே வந்தேன். பத்து நிமிட வேலை. கை நடுக்கம் நிற்கத்தான் அதிக நேரம் ஆனது.

எல்லாம் ஏறிய பிறகு மறுபடி ஃபோன் செய்தேன்.

“டிஏ0ன்னு எழுதிட்டியா? அதுவும் தப்பும்மா. நாளைக்கு இன்னொரு கார்டு போட்டா அது டிஏ0 ஆயிடும். பென் டிரைவுக்கும் அதே டிஏ வரிசைதான். டிரைவர் வெச்ச பேரை எழுதாத. நீயே ஒரு பேரை டிஸ்க் மேல எழுதி வை.”

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. 2007இல் ஃபெடோரா 7க்கு மாறியபோது லினக்ஸில் ஐடிஇ வட்டுகள் எல்லாம் எச்டிஏவிலிருந்து எஸ்டிஏ ஆயின. ஒரு மருந்துக் கிடங்கின் சர்வரில் அன்று அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2012 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 9.0 வந்தபோது சாட்டா வட்டுகள் ஏடியிலிருந்து ஏடிஏ ஆயின. இரண்டு தடவையும் வட்டு அதே வட்டு, கேபிள் அதே கேபிள். உள்ளே டிரைவர் மாறியது, பெயர் மாறியது. அவர் நோட்டின் மூன்றாவது கட்டம் அப்படி வந்ததுதான்.

ஜிபிடி முறையில் பிரித்த வட்டில் ஒவ்வொரு பகிர்வுக்கும் நாமே ஒரு லேபிள் எழுதலாம். ‘ஜிபார்ட்’ கட்டளையால் எழுதுவது அது. அந்த லேபிள் வட்டின்மேலேயே பதிந்திருக்கும். டிரைவர் மாறினாலும், அட்டை மாறினாலும், வட்டை வேறு சர்வரில் கொண்டுபோய் மாட்டினாலும் கூடவே வரும். அன்றிரவே ரூட்டுக்கு ஒன்று, ஸ்வாப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று லேபிள் எழுதினேன். எஃப்எஸ்டேபில் அவற்றையே போட்டேன். மூன்று முறை மறு தொடக்கம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இரவு ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

வெற்றி இல்லை. பழைய பெயர் இன்னோர் இடத்தில் ஒளிந்திருந்தது.

ரெய்டு நலமா என்று தினமும் அதிகாலை பார்த்து மெயில் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தேன். அது ‘எம்எஃப்ஐயூட்டில்’ என்ற கருவியைக் கூப்பிடும். வரும் பதிலில் ‘டிகிரேடட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் எச்சரிக்கை, இல்லையென்றால் ‘எல்லாம் சரி’. பெயரே சொல்கிறதே, அந்தக் கருவி அப்போது எம்எஃப்ஐ டிரைவரோடு மட்டும்தான் பேசியது. டிரைவர் போன பிறகு அது ‘எனக்கு அட்டையே தெரியவில்லை’ என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. அந்த முனகலில் ‘டிகிரேடட்’ இல்லை. ஆகவே தினமும் காலை ‘எல்லாம் சரி’ என்று மெயில் வந்துகொண்டே இருந்தது. நானும் படித்துக்கொண்டே இருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வேறு ஏதோ வேலையாக அச்சகத்துக்குப் போனேன். பின்கட்டிலிருந்து கீ கீ என்று ஒரு சத்தம்.

“இது என்ன தம்பி?”

“யூபிஎஸ் கத்துதுக்கா. ரெண்டு நாளா கத்துது. பேட்டரி மாத்தணும்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கோம்.”

கத்தியது யூபிஎஸ் இல்லை. ரெய்டு அட்டையில் ஒரு சின்ன பஸ்ஸர் உண்டு. நாலு வட்டில் ஒன்று போய்விட்டது என்று இரண்டு நாளாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தது. அது ரெய்டு 5. ஒன்று போனால் தாங்கும், இரண்டாவது போனால் எல்லாம் போகும். அன்று மாலையே புது வட்டு மாட்டினேன். மறு கட்டமைப்பு முடிய விடிந்துவிட்டது. அந்த இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. மலர் நேரத்துக்கு வந்தது. அதன் பின்னால் இருந்த இந்தக் கதை முதலாளிக்குத் தெரியாது. அடுத்த மாதப் பில்லோடு நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “இனிமே மெயில் வந்தாலும் வராட்டியும் ஒரு ஃபோன் பண்ணும்மா” என்றார்.

அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட் எதுவும் கெட்ட சொல்லைத் தேடுவதில்லை. நல்ல சொல்லைத் தேடும். ‘ஆப்டிமல்’ என்று கண்ணால் கண்டால்தான் சரி. வேறு எது வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், மணி அடிக்கும்.

எண்ணை நம்பு, பெயரை நம்பாதே என்ற பாடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை 2020 பொங்கல் விடுமுறையில் கற்றேன். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு சேமிப்பு சர்வர் ஒன்று கட்டினோம். பட்ஜெட் குறைவு. ரிச்சி தெருவில் பழைய அட்டை ஒன்றை வாங்கினேன். செய்தவர் எண் 1000, பொருள் எண் 0072. சாஸ்2008 என்ற சிப். எங்கள் தொழிலில் இந்தச் சிப்பைத் தெரியாதவர் இல்லை. மலிவு, உழைக்கும், எல்லா இடத்திலும் டிரைவர் உண்டு. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கல்லூரிக்காரர்கள் கேட்டது ஒரு பிரபல லினக்ஸ் தொகுப்பின் 8ஆம் பதிப்பு. நிறுவியைத் தொடங்கினேன். வட்டு எதுவும் இல்லை என்றது. அட்டைப் பட்டியலில் அட்டை தெரிகிறது. சரியான டிரைவர் ‘எம்பிடி3சாஸ்’, அதுவும் ஏறியிருக்கிறது. வட்டு மட்டும் இல்லை. கேபிளை மாற்றினேன், ஸ்லாட்டை மாற்றினேன். பாதி நாள் போனது. கடைசியில் ‘மாட்இன்ஃபோ’ கட்டளையால் அந்த டிரைவர் தன்னுடையவை என்று சொல்லும் எண்களின் பட்டியலை எடுத்துப் படித்தேன். 0072 அதில் இல்லை.

இந்தச் சிப்புக்கான பழைய டிரைவர் எம்பிடி2சாஸ், லினக்ஸ் 4.4இல் எம்பிடி3சாஸோடு சேர்ந்துவிட்டது. மூல லினக்ஸ் கெர்னலில் 0072க்கான ஆதரவு அப்போதும் இருந்தது. இந்தத் தொகுப்பை வெளியிட்டவர்கள் பழைய சிப்புகளின் பொறுப்பை இனி ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்து, பட்டியலிலிருந்து சில எண்களை எடுத்துவிட்டார்கள். டிரைவர் இருக்கிறது, அதன் பெயரும் அதேதான். ஆனால் என் அட்டையைத் தெரியாது என்று சாதிக்கிறது. பெயரை மட்டும் பார்த்து நான் பாதி நாள் ஏமாந்தேன்.

மூடிய இயங்குதளமாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. எல்ரெப்போ என்ற தன்னார்வலர் குழு அந்த எண்களைத் திரும்பச் சேர்த்து டிரைவரை மறுபடி கட்டி வைத்திருந்தது. நிறுவும்போதே கொடுக்க வசதியாக அதையே ஒரு வட்டுப் படிமமாகவும் தருகிறார்கள். பென் டிரைவில் எழுதி, நிறுவி தொடங்கும்போது இந்த டிரைவரையும் எடுத்துக்கொள் என்று பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தேன். எட்டு வட்டுகளும் வந்து நின்றன.

அதோடு வேலை முடியாது. லினக்ஸ் முதலில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு மூட்டையை நினைவகத்தில் பிரித்துக்கொண்டு, அதில் இருக்கும் டிரைவரை வைத்துத்தான் ரூட்டைத் தேடும். வட்டின் டிரைவர் வட்டுக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின மாதிரி ஆகும். கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், புது மூட்டையில் அந்த டிரைவர் போயிருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகுதான் மறு தொடக்கம் கொடுப்பேன். அந்தக் கல்லூரியில் இது இன்றும் சட்டம்.

அந்த அட்டையைக் கல்லூரிக்குக் கொண்டுபோகுமுன் அதன் ஃபர்ம்வேரையும் மாற்றியிருந்தேன். ஐஆர் என்பது ரெய்டு செய்யும் ஃபர்ம்வேர். ஐடி என்பது வட்டுகளை அப்படியே இயங்குதளத்திடம் விட்டுவிடும். மேஸ்திரியை எடுத்துவிட்டு ஆட்களோடு நேரே பேசும் ஏற்பாடு. இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை வட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க விரும்பும். எந்த வட்டு எந்தத் தொகுதி என்பதையும் வட்டின்மேலேயே எழுதிக்கொள்ளும். டிரைவர் என்ன பெயர் வைத்தாலும் அது கவலைப்படாது. ஃபர்ம்வேர் 20.00.07.00 பதிப்பாக இருக்கட்டும் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. 20இன் முந்தைய பதிப்புகளில் கோளாறு இருந்தது.

அந்த வேலையிலும் பெயர் விஷயம் ஒன்று உண்டு. பழைய ஃபர்ம்வேரை முழுக்க அழித்தால் அட்டையின் சாஸ் முகவரியும் அழிந்துவிடும். 16 இலக்கம். பிறகு நாமே அதை எழுத வேண்டும். அட்டையின் முதுகில் ஒரு ஸ்டிக்கரில் அந்த முகவரி இருக்கும். ரிச்சி தெருவில் பழைய அட்டை வாங்கும்போது ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். கடைக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியாது. “அழுக்கு ஸ்டிக்கரைப் போய் இப்படிப் பாக்கறீங்களே” என்று சிரிப்பார்.

இப்போது என்னிடம் இரண்டு பிள்ளைகள் வேலை கற்கிறார்கள். வந்த முதல் நாளே நோட்டுக் கொடுத்துவிடுகிறேன், மூன்று கட்டம் போட்டு. டிரைவரை மாற்றுவதற்கு முன் பழைய பெயரைத் தேடச் சொல்கிறேன். எஃப்எஸ்டேபில் மட்டும் போதாது. கிரானில், பேக்கப் ஸ்கிரிப்டில், கெர்னல் விழுந்தால் நினைவகத்தைக் கொட்டும் இடத்தில், எல்லா இடத்திலும். பின்னால் போகும் வழியைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்கிறேன். சர்வரிலேயே எழுதிவைத்தால் சர்வர் எழாதபோது யார் படிப்பது? ஹார்ட் டிஸ்க் மாட்டும் கேடியின்மேல் வட்டின் சீரியல் எண்ணைச் சிறு ஸ்டிக்கரில் ஒட்டச் சொல்கிறேன். கெட்டது இரண்டாவது வட்டு என்று திரை சொல்லும். இடமிருந்து இரண்டாவதா, வலமிருந்தா, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் எது? நல்ல வட்டை உருவிவிட்டால் ரெய்டு 5இல் அடுத்த நிமிடம் இழவு வீடு.

வட்டுக்கென்று சொந்தமாக இருப்பது சீரியல் எண்ணும், நாம் அதன்மேல் எழுதும் லேபிளும்தான். மற்றதெல்லாம் அந்த நேரத்துக்கு எந்த டிரைவர் பக்கத்தில் நின்றாரோ அவர் வைத்த பெயர். அவர் போனால் பெயரும் கூடவே போய்விடும்.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அதன் எஃப்எஸ்டேபைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் டிரைவர் வைத்த பெயர் இருந்தால், அடுத்த ஆயுத பூஜைவரை காத்திருக்க வேண்டாம்.